ரசச் சொம்பும் சால்டரிங்கும்

எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளும் ஆசையில், இணையத்தைப் பார்த்து எழுதிய நீளமான பட்டியலுடன் இன்று ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போனேன்.

மலையாளம் கலந்து பேசும் கடைக்கார அக்கா அதில் முக்கால்வாசியை அடித்துவிட்டார். "மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயம். தொடங்க இது மதி, இவ்வளவு போதும், கேட்டோ."

"ஈயமா? எங்காத்துல ஈயச் சொம்புல ரசம்னா வெப்போம்!"

"தண்ணி விடாம அந்தச் சொம்பை அடுப்புல வெச்சா?"

"உருகிடும்."

"அந்த உருகறதுதான் இங்க வேலை."

அறுந்த எல்இடி ஒயரை அயர்னால் சூடாக்கி, ஈயக் கம்பியால் தொட்டார். வெள்ளித்துளி ஒன்று ஓடிப் பரவி ஒயரைக் கவ்விக்கொண்டது. விளக்கு எரிந்தது! வாயைப் பிளந்து நின்றேன்.

கல்யாணமான புதிதில் நான் உருக்கிய சொம்பைப் பற்றி மாமியார் இன்னும் பேசுகிறார். அது என் முதல் சால்டரிங் என்று யாராவது அவரிடம் சொல்லுங்களேன்.