படத்தின் பின்பக்கம்

கன்னியர் மடத்துச் சிஸ்டரின் மேசையில் எப்போதும் மூன்று பென்சில்கள் சீவித் தயாராக இருக்கும். பேனாவைக் கிட்டவும் விடமாட்டார். மை ஊறி, படத்தில் இருப்பவரின் முகத்துக்கு வந்துவிடுமாம். பழைய புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்து, அழுத்தாமல், பொடி எழுத்தில் பெயரை எழுதுவார். அதற்குக் கீழே, பெயரைச் சொன்னவர் யார் என்றும் எழுதுவார். "சொன்னவர் இல்லாத பெயர் வெறும் வதந்தி" என்பது அவர் வாக்கு. அந்தப் பென்சில் எழுத்து ஒரு நாள் என்னைத் தேடி வரும் என்று நான் நினைக்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. யாழ்ப்பாணத்தை விட்டு நியூசிலாந்துக்கு வந்து, ஆக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில் வாடகை வீட்டில் அம்மாவோடும் என் சின்ன மகளோடும் குடியிருந்தேன். ஆக்லாந்தில் இருந்த அயர்லாந்துக் கன்னியர் மடமொன்றில் தட்டச்சு வேலைக்கு ஆள் தேடினார்கள். அந்தச் சபையார் யாழ்ப்பாணத்திலும் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். அங்கே பணியாற்றி, முதுமையில் ஆக்லாந்துக்கு வந்து கண்மூடிய கன்னியர்கள் விட்டுப்போன படங்களையும் கடிதங்களையும் அடுக்கி, அயர்லாந்திலுள்ள தாய்மடத்தின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவது சிஸ்டரின் பொறுப்பு. வேலை கேட்டுப் போன இடத்தில், கேட்காமலே ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "என் அம்மா யாழ்ப்பாணத்தில் உங்கள் கன்னியரிடம் படித்தவர்."

சிஸ்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றே வேலை கிடைத்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்கள் பழைய மாணவியின் மகள்" என்று என்னை அறிமுகப்படுத்துவார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு தேநீர் குடிப்பேன்.

அம்மா அங்கே ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. தாய் தகப்பனை இழந்து, எட்டு வயதில் மடத்துக் குசினியில் சமையல் எடுபிடியாகச் சேர்ந்தவர். அவர் அதை ஒளித்ததே இல்லை. "ரெண்டு நேரமும் சோறு. பசியில்லாமல் வளந்தனான்" என்று யார் வந்தாலும் சந்தோஷமாகக் கதைக்கத் தொடங்குவார். நான் உடனே, "அம்மா, தேத்தண்ணி போடுங்கோ" என்று அவரை எழுப்பிவிடுவேன். குசினிக்காரியின் மகள் என்பது என் காதில் விழக்கூடாது. மற்றவர் காதில் விழவே கூடாது. அவ்வளவு பெரிய மனுஷி நான்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படம் பெட்டியிலிருந்து வந்தது. வெள்ளை உடுப்பில் மூன்று வரிசை மாணவிகள். பள்ளிப் பதிவேட்டை வைத்து எல்லோருக்கும் சிஸ்டர் பெயர் கண்டுபிடித்திருந்தார், ஒருத்தியைத் தவிர. பின்னால், வாசல் நிலையோடு ஒட்டி, பெரிய தேநீர்க் கேத்திலைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுமி. வலது காலைத் தூக்கி இடது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். அன்று காலையும் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா அப்படித்தான் நின்றார். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய அதே தழும்பு.

"இவள் பெயர் மட்டும் பதிவேட்டில் இல்லை. பாவம், இவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்குமே. உங்கள் அம்மாவிடம் காட்டிக் கேளுங்கள்" என்று சிஸ்டர் படத்தை உறையில் போட்டு என்னிடம் தந்தார்.

இரண்டு நாள் அந்த உறை குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை அது? படமே?"

"இல்லையம்மா, ஒபிஸ் கடுதாசி."

"படமெண்டால் காட்டன். என்ரை சின்ன வயசு முகம் எப்பிடி இருந்ததெண்டு எனக்கே தெரியாது. ஒரு படங்கூட இல்லை" என்று சும்மா சொல்லிவிட்டு, மீண்டும் வெங்காயத்தில் கையை வைத்தார்.

எழுந்து நான்கு அடி வைத்திருந்தால் போதும். நான் வைக்கவில்லை. திங்கட்கிழமை உறையைத் திருப்பிக் கொடுத்து, "அம்மாவுக்கும் தெரியவில்லையாம்" என்றேன். சிஸ்டர் படத்தைக் கவிழ்த்துப் பென்சிலை எடுத்தார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மாதமே பெட்டி கப்பலேறியது. சில வருடங்களில் அம்மாவும் போய்விட்டார், தன் முகத்தைப் பார்க்காமலே.

போன மாதம், தகனினி என்ற பக்கத்து ஊரில் இருக்கும் என் மகள் கைபேசியோடு வந்தாள். தன் சிறுவயதில் அம்மம்மா சொன்ன மடத்துக் கதைகளை வைத்து, அவளாகவே அந்தக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறாள். அவர்கள் அனுப்பிய படங்களில் கால் மேல் கால் வைத்து நிற்பதையும் புருவத் தழும்பையும் பார்த்ததுமே பிடித்துவிட்டாளாம். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கேத்தில் சிறுமி என்னைப் பார்த்தாள். மகள் விரலால் தள்ளினாள், பின்பக்கம் வந்தது. சிஸ்டரின் பொடி எழுத்து, அப்படியே. பெயர் தெரியாது என்று முதல் வரி. அதற்குக் கீழே என் அம்மாவின் முழுப் பெயர். பழைய மாணவியான அவரிடம் படம் காட்டப்பட்டது என்றும், இந்தச் சிறுமியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தது.

என் பொய்க்கு அம்மாவைச் சாட்சியாக்கி வைத்திருக்கிறேன். அதுவும் அவருக்கு எதிராகவே.

மகள் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்: "அம்மம்மா ஏன் தெரியாதென்று சொன்னார்? தன்னை நினைத்து அவ்வளவு வெட்கப்பட்டாரா?"

ஓம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். போனவர் திரும்பி வந்து மறுக்கப் போவதில்லை.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "அவவுக்கு நான் படத்தைக் காட்டவே இல்லை. வெக்கப்பட்டது நான்."

அவள் கைபேசியில் படத்தை மறுபடி முன்பக்கம் திருப்பி, என் கையில் தந்தாள்.