ஒரு மணித்தியாலப் பயணம்

1992ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை, லண்டனிலிருந்து அண்ணையின் கடிதம் வந்தது. என் மகள் ரூபிக்கு அப்போது ஒன்பது வயது. இதயத்தில் ஓட்டை. சென்னையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து, தெற்கே கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து விமான ரிக்கெற்றும் அண்ணை எடுத்துவிட்டார். பறக்கும் நாள் வருகிற ஞாயிறு. மூன்றே நாள்!

"பலாலியிலை பிளேன் ஏறினால் இரத்மலானைக்கு ஒரு மணித்தியாலம்தானே, அங்கையிருந்து கட்டுநாயக்கா கிட்ட. முதல் நாள் வெளிக்கிட்டால் காணும்" என்று எழுதியிருந்தார். அவர் நாட்டைவிட்டுப் போய்ப் பதினைந்து வருடம். அவருடைய தலைக்குள் அந்தப் பழைய விமானம் இன்னும் பறந்துகொண்டிருந்தது. இப்போதோ போர்; பலாலி இராணுவ முகாம். நாங்கள் அந்தப் பக்கம் விமானச் சத்தம் கேட்டால், குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடுகிறவர்கள். கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. "ஆண்டவரே, அண்ணைக்கு விளங்காது. உமக்கு விளங்கும். நான் வெளிக்கிடுறன், நீர் கொண்டுபோய்ச் சேரும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

குடாநாட்டை விட்டு வெளியே போகும் அனுமதிப் பாஸ் எனக்கும் பிள்ளைக்கும் மட்டுமே இருந்தது. வெள்ளி காலை என் கணவர் எங்களை வழியனுப்பியபோது, மானிப்பாய்ச் சபையின் பெண்கள் சங்கத்தை நடத்தும் பாக்கியமக்கா படலை வாசலில் நின்றார்.

"எத்தினை நாள் செல்லும், பிள்ளை?"

"மூண்டு நாள், அக்கா. நாங்கள் போய்ச் சேருமட்டும் ஜெபியுங்கோ."

"ஓம், நீ போ. நாங்கள் விடமாட்டம்."

பெருந்தெரு மூடிக் கிடந்ததால், கொம்படிக் களப்பின் ஆழங்குறைந்த கடல்நீருக்குள்ளால்தான் வழி. அங்கே எங்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் சேற்றில் புதைந்தது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். ரூபி நாலடி நடந்தாலே உதடு நீலமாகிவிடும். அவளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். பாதியில் கை சோர்ந்துவிட்டது. "ஆண்டவரே, இனி ஏலாது!" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

முன்னால் சைக்கிளைத் தோளில் சுமந்துபோன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "பிள்ளையை இஞ்சை தாங்கோ, அம்மா" என்றார். சைக்கிளைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டார்! அந்த நாளில் சைக்கிள்தான் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ரூபியைக் கரையில் இறக்கிவிட்டு, அதைத் தேடித் திரும்பவும் தண்ணீருக்குள் போனார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வவுனியாவில் இராணுவச் சோதனையில் சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. ஞாயிறு, சேறு காய்ந்த செருப்போடு கட்டுநாயக்காவில் ஓடினேன். அண்ணையின் சிநேகிதர் பாஸ்போட்டுகளோடு காத்திருந்தார். கவுண்டரைப் பூட்ட ஐந்து நிமிடம் இருந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! விமானம் எழும்பி, நாங்கள் வந்த வடக்குப் பக்கமே திரும்பியது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, சென்னை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அதே பாதையால் ஊர் திரும்பினோம். நேரே பாக்கியமக்கா வீட்டுக்குத்தான் போனேன்.

"மணிக்கு ஒரு வீடாப் பிரிச்சு, இரவு பகலா முழங்காலிலை நிண்டம்" என்றார்.

"மூண்டு நாளுமோ, அக்கா?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? போய்ச் சேருமட்டும் எண்டு நீதானே சொன்னனி. நீ சேர்ந்திட்டாய் எண்ட கடிதம் இருபத்தேழாம் நாள்தானே வந்தது!"

இருபத்தேழு நாள்! நான் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முன்பெல்லாம் என் வீட்டுக்காக மட்டும் ஜெபித்தவள் நான். இப்போது சங்கத்தின் ஜெபத்தில் விடியப்புறம் நாலு மணி என்னுடைய முறை. உங்கள் வீட்டிலும் யாராவது பாதையில் நின்றால், பெயரைச் சொல்லுங்கள். ஆண்டவரை நம்பி வெளிக்கிடச் சொல்லுங்கள். சேர்ந்துவிட்டார்கள் என்ற கடிதம் கைக்கு வரும்வரை நாங்கள் முழங்காலிலிருந்து எழும்பமாட்டோம்.