பெரிய வெள்ளிப் புலம்பல்

நான் நாடகத்துக்குப் போனதற்குக் கலைத்தாகம்தான் காரணம் என்று பிற்காலத்தில் சிலர் மேடையில் பேசினார்கள். மறுத்துச் சொல்லவில்லை, மாலை போட வந்தவர்களிடம் என்ன வாதம் செய்வது? உண்மையில், ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவரே துறைமுகத் தொழிலாளர்களின் நாடகக் குழுவுக்கும் வாசித்தார். அங்கே அதுவரை ராணி வேஷம் கட்டியவர் சரக்கு எண்ணும் டாலி கிளார்க் ஒருவர். அவருக்குக் கல்யாணமாகி, இனிமேல் மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாடத் தெரிந்த பெண் வேண்டும் என்று தேடினார்கள். ஆர்மோனியக்காரர் என்னைக் கைகாட்டினார். அறுபதுகளின் கடைசி அது.

ஒத்திகை பேசின் பிரிட்ஜில், ஆர்மோனியக்காரரின் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நடக்கும். பின்னால் யார்டில் வேகன்களை இடித்துக் கோப்பார்கள். அந்தச் சத்தத்தை மீறிப் பாடினால்தான் மைதானத்தின் கடைசி ஆளுக்குக் கேட்கும் என்பது அவர் கட்சி. மேடையில் ஒரே ஒரு மைக், நடுவில் தொங்கும். பேசுகிறவர் அதற்கு அடியில் வந்து நிற்க வேண்டும். பேசி முடித்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டு நகர வேண்டும். காதலானாலும் சண்டையானாலும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற மாதிரிதான் நடந்தது. நடிப்பில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்த மைக்குக்கு அடியில் நிற்பதுதான்.

நாடகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதைவிடப் பெரியதாக என்னிடம் ஒன்று இருந்தது. பெரிய வெள்ளி அன்று, இறந்த ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கும்போது, மாதாவின் புலம்பலைக் கோயில் மாடியில் நின்று ஒருத்தி தனியாகப் பாடுவாள். கீழே பெண்கள் முக்காடு போட்டு முழங்காலில் நின்று, ஒவ்வொரு அடியின் முடிவையும் திருப்பிச் சொல்வார்கள். முந்தைய சில வருடங்களாக அந்த ஒருத்தி நான். பாடகர் குழுவை நடத்திய உபதேசியார், நான் நாடகத்தில் சேர்ந்ததும் கூப்பிட்டனுப்பினார்.

"நாடகத்துக்குப் போ, வேணாங்கல. அத்த இங்க இட்டாராத, இத்த அங்க இட்டுகினு போவாத."

சரி என்றேன். அந்தப் புலம்பலுக்காக எதற்கும் சரி சொல்லியிருப்பேன்.

என் மூன்றாவது நாடகத்தில் நான் பிள்ளையைப் போரில் பறிகொடுத்த ராணி. இறந்த இளவரசன் யாரென்றால் அதே டாலி கிளார்க், மீசையோடு. எனக்கு அப்போது இருபது கூட ஆகவில்லை. என் பிள்ளைக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒப்பாரிப் பாட்டுக்கு ஆர்மோனியக்காரர் புதிதாக மெட்டுப் போட்டார். ஒத்திகையில் சரியாகவே வந்தது.

நாடகம் போட்ட நாள், பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் விழுந்தது. குழுவில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுக்குத் தவக்காலமாவது ஒன்றாவது. எங்கள் தெரு மீன்காரப் பெண்கள், தவக்காலத்தில் கூத்துப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் வந்து முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் வரவில்லை.

இளவரசனைக் கொண்டுவந்து மைக்குக்கு அடியில் கிடத்தினார்கள். நான் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆர்மோனியம் ஆரம்பித்தது. ஆரம்பித்தது புது மெட்டு இல்லை. தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் அவர் வாசித்துப் பழக்கிக்கொண்டிருந்த மாதாவின் புலம்பல். மடியில் செத்த பிள்ளை, அழுகிற தாய், ஆர்மோனியத்தில் அதே சுருதி. விரல்கள் தாமாகவே அங்கே போய்விட்டன. மேடையில் நிறுத்திக் கேட்க முடியுமா? ராணியின் வார்த்தைகளை அந்த மெட்டிலேயே பாடினேன். வார்த்தைகள் அப்படியே உட்கார்ந்தன.

இரண்டாவது அடியில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டார்கள். மூன்றாவதில் முழங்காலில் நின்றார்கள். நான் ஒவ்வொரு அடியை முடித்ததும் அதன் முடிவைக் கோயிலில் போலவே திருப்பிச் சொன்னார்கள். பின்னாலிருந்து ஒருவன், "குந்துமே, மறைக்குது" என்று கத்தினான். ஒருத்தியும் திரும்பவில்லை. என் பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து, "இன்னா நடக்குது?" என்று மெதுவாகக் கேட்டார். மைக் அதையும் எடுத்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் உபதேசியார் கூப்பிட்டார். பக்கத்தில் ஆர்மோனியக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாதா பொலம்பல கூத்துல பாடிட்டு, அதே வாயால இங்க வந்து பாடுவியா நீ?"

விரல் தவறியது யாருக்கு என்று நான் சொன்னேன். உபதேசியார் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஆர்மோனியத்துக்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. தொண்டைக்கு ஆள் இருந்தது. அந்த வருடப் பெரிய வெள்ளிப் புலம்பல் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று.

அன்று நான் கீழே அம்மாவின் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். அந்தப் பெண் தடுமாற வேண்டும் என்று, சாமி சன்னிதியில் இருந்துகொண்டே வேண்டிக்கொண்டேன். தடுமாறவில்லை. நன்றாகவே பாடினாள். பக்கத்தில் அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். நான் பாடிய வருடங்களில் மாடியிலிருந்து அவளைப் பார்த்திருக்கிறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. யாரோ ஒருத்தி பாடியதற்கு இப்படி ஒரு அழுகை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டுவிட்டேன். "நான் பாடினா உனக்கு அழுகையே வராதில்ல?"

அம்மா யோசித்துத்தான் சொன்னாள். "நீ பாடச்சொல்லோ எங்க தப்பு வந்துடப்போவுதோன்னு பயந்துகினே நிப்பேன்மே. எங்கேந்து அழுவறது? இன்னிக்குத்தான் நிம்மதியா அழுதேன்."

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தேன்.

ஈஸ்டர் முடிந்து அதே நாடகத்தைத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பு மைதானத்தில் போட்டோம். அம்மாவைக் கூப்பிட்டேன், வந்தாள். இந்த முறை ஆர்மோனியக்காரர் புது மெட்டைத்தான் வாசித்தார். கூட்டத்தில் நிறையப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்த பிறகுதான் முந்தானையை விட்டாள்.