அவளே சொல்லட்டும்

தெருவில் எல்லோருக்கும் அவள் 'பார்லர் அக்கா'. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் வாயை மூடுவதே இல்லை. கத்தரியைப் பிடித்தபடி அக்காவால் ஓடவும் முடியாது.

அக்காவின் மகள் சிட்டுவுக்கு நாலு வயது. அகலப் பல் சீப்பை எடுத்து வா என்றால் சரியாக அதையே எடுத்து வருவாள். ஆனால் வாயைத் திறந்தால் எல்லாமே 'தா'தான். தண்ணீரும் தா, பொம்மையும் தா, அப்பாவும் தா.

"போனைக் கையில கொடுத்துப் பழக்கியிருப்பே" என்றாள் தலைக்குச் சாயம் பூச வந்தவள். நாக்குக்கு அடியில் லேசாக வெட்டிவிட்டால் போதும் என்றாள் அடுத்தவள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முடியை வெட்டினாள்.

"நானும் லேட்டாத்தான் பேசினேனாம். இப்பப் பேசலையா?" என்றான் கணவன்.

"இப்ப மட்டும் எங்க பேசுறீங்க? எதைக் கேட்டாலும் 'ம்'னு ஒண்ணு வருது."

ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா சிட்டுவோடு தரையில் உட்கார்ந்து நெடுநேரம் விளையாடிப் பார்த்தார்.

"என்ன சொல்லணும்னு அவளுக்குத் தெரியுதும்மா. அதுக்கு நாக்கையும் உதட்டையும் எப்படி அசைக்கணும்னுதான் பிடிபடல. உங்க தப்பு இல்ல. பழக்கப் பழக்க வரும், ஆனா மெதுவாத்தான் வரும். வீட்டுல யாரும் அவளுக்குப் பதிலாப் பேசாதீங்க."

உங்க தப்பு இல்ல என்றதை அக்கா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். உட்கார்ந்து அழத்தான் நேரமில்லை.

வீட்டோடு இருந்த நாத்தனார் பாசக்காரி. அதுதான் வினை. "என்ன வேணும் சிட்டு?" என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

"பால் வேணுமாம் அண்ணி."

"அவளே சொல்லட்டும்."

"பாவம், திணறுறா."

"திணறட்டும்! நீ கொஞ்சம் வாயை மூடு, தாயே."

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

கோபம் தணிந்ததும் அவளே கடைக் கண்ணாடி முன் சிட்டுவை உட்காரவைத்து 'பா, பா, மா, மா' என்று உதட்டைக் குவித்துக் காட்டினாள். மாதக்கணக்கில் காட்டினாள்.

சாயக்காரி மறுபடி வந்தாள். சிட்டுவின் கன்னத்தைக் கிள்ளி, "அத்தைன்னு சொல்லு, சாக்லேட் தர்றேன். சொல்லு, சொல்லேன்!" என்று பிடித்துக்கொண்டாள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். சிட்டுவின் உதடு ஒருமுறை கோணிக்கொண்டது, மறுபடி கோணிக்கொண்டது.

"வே... வேணா."

கத்தரி அப்படியே நின்றது.

"பிள்ளைக்கு மரியாதை கத்துக்கொடுக்கலையா?" என்றாள் சாயக்காரி.

"முதல்ல பேச்சு வரட்டும். மரியாதையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து குளிக்க வேணா, சாப்பிட வேணா, தூங்க வேணா. பயிற்சிக்குக் கிளம்பினாலும் வேணா. அப்பா இப்போது 'பா' ஆகியிருக்கிறார். தண்ணீர் இன்னும் 'தா'தான்.

"உயிரை வாங்குறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புகிறாள் அக்கா. அப்படிப் புலம்பும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.