தப்பு நோட்டு

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் கட்டம் டீச்சர். ஈரிலக்கப் பெருக்கல் வந்துவிட்டால் முதலில் கரும்பலகையில் நாலு அறை உள்ள கட்டம் ஒன்றைப் போடுவார். 34 பெருக்கல் 26 என்றால் மேலே முப்பதும் நாலும், பக்கவாட்டில் இருபதும் ஆறும் நிற்கும்.

"மேல இருக்கிற ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கிற ரெண்டு பேரோடயும் கை குலுக்கணும். யாரையும் விட்டுடக் கூடாது," என்பார்.

அறுநூறு, எண்பது, நூற்றெண்பது, இருபத்துநாலு. கூட்டினால் 884.

அவருக்கு விடையைவிடத் தப்பின் மேல்தான் கண். முப்பதையும் இருபதையும் பெருக்கி, நாலையும் ஆறையும் பெருக்கி, 624 என்று எழுதிவிட்டு விளையாடக் கிளம்பும் பிள்ளை ஒரு ரகம். இரண்டாம் வரியில் சைபர் போட மறந்து, 680 வரவேண்டிய இடத்தில் 68 எழுதி, 272-இல் போய் நிற்கும் பிள்ளை இன்னொரு ரகம். அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி ஒரு தடித்த நோட்டில் ஒட்டுவார். பக்கத்தில் பிள்ளையின் பெயர், அது சொன்ன காரணம், எப்படிச் சொன்னபோது புரிந்தது, எல்லாம் எழுதுவார்.

"இது உனக்கும் எனக்கும் மட்டும். உங்கம்மாகிட்டகூடக் காட்ட மாட்டேன்," என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

கீச்சுக் குரலால் குருவி என்று பெயர் வாங்கிய ஒரு பெண், முதல் மாதம் முழுக்கக் கையால் மறைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டாள். பிறகு அவளே தாளைக் கொண்டுவந்து நீட்ட ஆரம்பித்தாள்.

"டீச்சர், இன்னிக்கு ஒரு புதுத் தப்பு பண்ணியிருக்கேன். ஒட்டிக்கிறீங்களா?"

பக்கத்து அறையில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். மூன்று வயது மூத்தவர் என்பதால் கட்டம் டீச்சர் அவரை அக்கா என்றே கூப்பிடுவார். பதினைந்து வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். கட்டம் டீச்சரின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்காரவைத்துச் சமாளித்தவர் அந்த அக்காதான்.

அவர் ஒருநாள், "உன் தப்பு நோட்டைக் கொஞ்சம் குடேன். என் பிள்ளைங்களும் பெருக்கல்லதான் திணறுதுங்க," என்றார்.

"பேரெல்லாம் இருக்குக்கா. பத்திரம்."

"என்கிட்ட போய்ச் சொல்றியே."

மூன்று வாரம் கழித்து நோட்டு திரும்பி வந்தது, புது அட்டை போட்டு.

இரண்டு மாதம் போயிருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கைநூல் கொடுத்தார்கள். பெருக்கலில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் பற்றியது. எழுதியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். ஆறாம் பக்கத்தில் அந்தக் கை குலுக்கும் கட்டம். டீச்சருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் புரட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். குருவியின் தாள், மூலையில் அவள் பெயரோடு, அப்படியே படமாக அச்சாகியிருந்தது. கீழே ஒரு வரி: 'அடிப்படை புரியாத மாணவிக்கு எடுத்துக்காட்டு.'

டீ இடைவேளையில் அக்காவிடம் போனார்.

"என்னக்கா இது?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அவசரமா கேட்டாங்க. நீயா இருந்தா இதை வெளியவே விட்டிருக்க மாட்டே. நாலு பேருக்குப் பயன்படட்டுமே."

"என் பேரை விடுங்க. அந்தப் பொண்ணு பேரை மறைக்கணும்னுகூடத் தோணலையா?"

அக்கா ஒரு வாய் டீ குடித்தார். "சின்னப் பிள்ளைம்மா. அதுக்கு என்ன தெரியப்போகுது?"

தெரிந்துவிட்டது. அக்காவின் மேசைமேல் கிடந்த பிரதியை அவர் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துப் படித்துவிட்டார்கள். மறுநாள் மைதானத்தில் குருவியைச் சுற்றி நின்று, "அடிப்படை, ஏய் அடிப்படை" என்று கூப்பிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் மதியம் டீச்சர் கணக்கு எடுக்கவில்லை. வகுப்பின் நடுவில் வந்து நின்றார்.

"நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தல. நோட்டைத் தூக்கி இன்னொருத்தர்கிட்ட குடுத்தது நான்தான்," என்றார்.

குருவி எழுந்தாள். "அம்மாகிட்டகூடக் காட்ட மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"நேத்து ஒருத்தன் அந்தப் புக்கை எங்க வீட்டுக்கே கொண்டாந்தான். அம்மா பார்த்துட்டாங்க."

டீச்சர் அந்த வருஷத் தாள்களை நோட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து அவரவர் கையில் கொடுத்தார். தலைமையாசிரியையிடம் எழுத்தில் புகார் கொடுத்து, கைநூலில் பிள்ளைகளின் பெயரை மறைக்கவைத்தார். அக்காவின் பெயர் இருந்தபடியே இருந்தது.

மதியச் சாப்பாட்டை டீச்சர் தன் வகுப்பறைக்கு மாற்றிக்கொண்டார். ஒருநாள் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"இருபது நாள் உன் வகுப்பைப் பார்த்துக்கிட்டேனே, மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. அதனாலதான் நோட்டைக் குடுத்தேன்."

அக்கா தன் வகுப்புக்குத் திரும்பிப் போனார்.

முழுப் பரீட்சையில் குருவி ஐந்து பெருக்கலுக்கும் சரியான விடை எழுதியிருந்தாள். வழி எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. டீச்சர் முழு மதிப்பெண் போட்டார்.

தலைமையாசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வழி எங்க?"

"வழி அவளுக்குத் தெரியும் மேடம். நம்மகிட்ட காட்ட இஷ்டமில்ல."

அடுத்த வகுப்பு அக்காவினுடையது. குருவியின் அம்மா அவளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்.