மதுரைக்கும் கோவைக்கும் நடுவே எங்கள் அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் விளாங்குடி வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், கோவையிலிருந்து அதிகாலையிலேயே புறப்பட்டு வந்திருக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அம்மாவைப் பற்றி இந்த மலரில் மூத்த மகளான நான்தான் எழுத வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்கள். "நீதான் அவகூட ஆபீஸ்ல உக்காந்தவ. நடந்ததை நடந்தபடி எழுது. பெருமையா இருக்கட்டும்னு கூட்டி எழுதிராத" என்பது அவர்கள் கட்டளை. அதற்குக் கட்டுப்பட்டே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டுச் சிற்றூரில். ஐந்து பெண்களில் மூன்றாமவர். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் அம்மா மட்டுமே. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு மதுரைக்கு வந்தார்கள். நானும் தம்பியும் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகு, கீழவாசலில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார்கள். மதுரையிலிருந்து கோவைக்கும், கோவையிலிருந்து மதுரைக்கும் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் அது. இங்கிருந்து சுங்குடிச் சேலை, அப்பளம், எவர்சில்வர் பாத்திரம் போகும். அங்கிருந்து பம்ப்செட், கிரைண்டர், மில் சாமான்கள் வரும்.

ஏழாண்டுகள் கழித்து முதலாளி முதுமையின் காரணமாகத் தொழிலை மூடினார். நம்பிச் சரக்குப் போட்டவர்கள் எல்லாம் "இனி யார்ட்டக்கா போடுறது?" என்று அம்மாவிடம் வந்து கேட்டார்கள். அன்று சாயங்காலம் சாப்பாடு பரிமாறும்போது அம்மா, "நாமளே ஒரு லாரி வாங்குவோம்" என்றார்கள். அப்பா பயந்த சுபாவம் உள்ளவர்கள்.

"லாரிக்கு டயர் எத்தனைன்னாச்சும் தெரியுமா ஒனக்கு?"

"ஆறு. ஸ்டெப்னியோட ஏழு. கொழம்பு ஊத்தவா?"

அப்பா தட்டை நீட்டினார்கள். பிறந்த வீட்டுப் பங்காக வந்த இரண்டு ஏக்கர் கரிசலை விற்று, பழைய லாரி ஒன்றை வாங்கினார்கள். அதற்கு ஓட்டுநராக வந்தவர்தான் பால்சாமி அவர்கள். அம்மாவை அக்கா என்று அழைப்பார். அதனால் எங்களுக்கு அவர் மாமா. ஒரு லாரி நான்கானது. ஓட்டுநர்களும் சுமைதூக்குவோரும் ஒரே குடும்பம்போல் ஆனார்கள். அம்மாவிடம் குறையே இல்லை என்று எழுதினால் அப்பா இந்தத் தாளைக் கிழித்துவிடுவார்கள். கோபம் வந்தால் அம்மா யாரையும் விடமாட்டார்கள். யாரையும் வாயாரப் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால் ஒரு மூட்டை நனைந்து போய்ச் சேர்ந்தாலும், உரியவர் கேட்பதற்கு முன் தாமே அவர் கடைக்குப் போய் நின்றுவிடுவார்கள்.

அம்மா எப்படிப்பட்டவர் என்பதை எனக்குக் காட்டிய ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நான் நடந்துகொண்ட விதத்தையும் மறைக்க விரும்பவில்லை.

நான் கல்லூரி முடித்து ஆபீசில் உட்காரத் தொடங்கியிருந்த வருடம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கோவையிலிருந்து வந்துகொண்டிருந்த பால்சாமி மாமாவின் வண்டி, ஒட்டன்சத்திரம் தாண்டி, ஓரமாக நின்ற ஒரு டிராக்டரை உரசிவிட்டது. யாருக்கும் காயமில்லை. "அவன் நடுரோட்டுல நிப்பாட்டியிருந்தான்க்கா" என்று மாமா சொன்னார். எட்டு வருடமாக ஒரு கோழியைக்கூட அடிக்காதவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் நம்பினோம். அம்மா மட்டும் மறுநாள் காலை பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போய், அந்த டிராக்டர்காரரைப் பார்த்து, அவர் வண்டி நின்ற இடத்தையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினார்கள். என்ன பார்த்தார்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை மாமா ஆபீஸ் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா வெளியே வந்து, அவர் பக்கத்தில் நின்றார்கள்.

"பால்சாமி, எதுத்தாப்புல அந்தக் கடை போர்டுல என்ன எழுதியிருக்குன்னு வாசி."

மாமா சிரித்தார். "என்னக்கா, மெடிக்கல்ஸ்னு எழுதியிருக்கு."

மருந்துக்கடை அங்கிருந்து காலி செய்து போய் நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. பெரிய சிவப்பு எழுத்தில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். என்னால் மேசையிலிருந்தே அதைப் படிக்க முடிந்தது. அம்மா கையை நீட்டினார்கள்.

"சாவியக் குடு."

மாமா சாவியைக் கொடுத்துவிட்டு, டீ கிளாசைத் திண்டில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. மாமாவின் மனைவி ஆபீசுக்கே வந்து, "எட்டு வருசம் ஒழைச்ச மனுசன தெருவுல வச்சு அவமானப்படுத்திட்டீங்களே மதினி" என்று அழுதார். மற்ற மூன்று ஓட்டுநர்களும் வண்டி எடுக்க மறுத்துவிட்டார்கள். தீபாவளிச் சரக்கு ஏற்றிய லாரிகள் ஷெட்டில் நின்றன. சேலை வியாபாரிகள் மணிக்கொரு தடவை போன் செய்தார்கள். இரண்டு பேர் மூட்டைகளை இறக்கி வேறு லாரிக்குக் கொண்டுபோனார்கள்.

அப்போது நான் அம்மாவிடம் சொன்னேன்: "தீபாவளி முடியட்டும்மா. பத்து நாள்தானே, மெல்ல ஓட்டச் சொல்லுவோம். அப்புறமாப் பாத்துக்கலாம்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "தீபாவளிக்கு ரோட்டுல எம்புட்டு சனம் போகும்னு யோசிச்சியா? சின்னப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு டூவீலர்ல வருவாக. அவுகள்ட்டப் போயி, பத்து நாள் பொறுத்துக்கங்கன்னு சொல்லிட்டு வாரியா?"

 

மறுநாள் அம்மா மாமாவின் வீட்டுக்குப் போனார்கள். நானும் உடன் போனேன். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஒன்னைய வேலையவிட்டு நிப்பாட்டல. கண்ணப் பாக்கணும், வா. எனக்கும் பாக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருவோம்."

அரை மணி நேரத்துக்குப் பிறகு மாமா எழுந்து சட்டையை மாட்டினார். கண் ஆஸ்பத்திரியில் மருத்துவர் இருவரையும் சோதித்தார். அம்மாவுக்குக் கண்ணாடி எழுதித் தந்தார். மாமாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கண்ணில் பார்வை பெரும்பகுதி போயிருந்தது. மற்றதைக் காப்பாற்றலாம், ஆனால் இனிக் கனரக வண்டி ஓட்டக்கூடாது என்றார்.  வெளியே வந்ததும் மாமா, "ஷெட்டுக்குப் போவோம்க்கா" என்றார்.

ஷெட்டில் மற்ற ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர்கள் நடுவில் போய் நின்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"அக்கா மேல தப்பில்லடா. எட்டு மாசமா எனக்கு ரோடு தெரியல. முன்னாடி போற வண்டியோட செவப்பு வெளிச்சத்தப் பிடிச்சுக்கிட்டே வந்துக்கிட்டிருந்தேன். வேலை போயிரும்னு பயந்து யார்ட்டயும் சொல்லல. போயி வண்டிய எடுங்க."

அன்று மாலையே மூன்று வண்டிகளும் கோவைக்குப் புறப்பட்டன. அந்த வாரத்திலேயே அம்மா ஒரு விதி செய்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஓட்டுநருக்கும் ஆபீஸ் செலவில் கண் பரிசோதனை. குறை தெரிந்தால் வேறு வேலை உண்டு, சம்பளம் குறையாது. அது இன்றும் நடக்கிறது.

மாமாவைக் கோவைக் கிடங்குக்குப் பொறுப்பாளராகப் போகச் சொன்னபோது அவர் எளிதில் இணங்கவில்லை. "ஸ்டியரிங் பிடிச்ச கையிக்கா இது" என்றார். "அதான் சொல்றேன். எந்தச் சாமான எதுக்கு மேல வச்சா வளைவுல சரியும்னு ஓட்டுனவனுக்குத்தான் தெரியும்" என்றார்கள் அம்மா. மாமா போனார். அவர் அடுக்கி அனுப்பிய கிரைண்டரில் ஒரு கல்கூட உடைந்து வந்ததில்லை.

அம்மா ஒருபோதும் தொழிலைப் பற்றிக் கவலைப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. பெரிய பார்சல் நிறுவனங்கள் வந்தபோது நாங்கள் பயந்தோம். "அவுக போன்ல பேசுவாக. நாம நேர்ல போவோம்" என்றார்கள். நான்கு வண்டி ஒன்பதாகியிருக்கிறது. இருபத்திரண்டு குடும்பங்கள் இதில் வாழ்கின்றன. தொடர்ந்து நடத்த எங்களால் முடியும் என்ற தைரியத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வயிற்றில் வந்த புற்றுநோய் அம்மாவை எட்டு மாதத்தில் கொண்டுபோய்விட்டது. கடைசி வாரம்வரை காலையில் "வண்டி எல்லாம் சேந்துருச்சா?" என்று கேட்டார்கள். சேர்ந்துவிட்டது என்று கேட்ட பிறகுதான் கஞ்சி குடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அப்பா பக்கத்தில் இருக்க, வலியில்லாமல் கண் மூடினார்கள்.

அம்மாவைத் தன் தாயைப்போல் பார்த்துக்கொண்ட செவிலியர் சகோதரிக்கும், எட்டு மாதமும் எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய விளாங்குடி அண்டை வீட்டாருக்கும், கோவையிலிருந்து வந்து மூன்று நாள் தங்கிய பால்சாமி மாமாவுக்கும் அத்தைக்கும் எங்கள் நன்றி.

ஒரு நன்றியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா மறைந்த அன்று எங்கள் ஆட்கள் அனைவரும் மயானத்தில் இருந்தார்கள். காலையில் வந்த மூன்று லாரிகளும் சரக்கோடு ஷெட்டில் நின்றதை நாங்கள் மறந்தே போனோம். மாலையில் ஷெட்டுக்குப் போன தம்பி, மூன்றும் காலியாக நிற்பதைப் பார்த்துத் திகைத்து எனக்குப் போன் செய்தான். எங்கள் ஆபீஸ் இருக்கும் தெருவிலேயே இத்தனை வருடம் எங்களோடு போட்டி போட்டுத் தொழில் செய்கிற இரண்டு லாரி ஆபீஸ்காரர்கள், தங்கள் ஆட்களைக் கொண்டு சரக்கை இறக்கி, ஒவ்வொரு கடையாகக் கொண்டு சேர்த்திருந்தார்கள். பெற்றுக்கொண்டவர்கள் கையெழுத்திட்ட சீட்டுக் கட்டு ஷெட் மேசைமேல் இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும், கொண்டுசேர்த்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், வெவ்வேறு கையெழுத்தில் ஒரே வார்த்தைதான் இருந்தது: அக்காவுக்காக.