மச்சானுக்காக ஒரு லென்ஸ்

அண்ணனூர் வேம்புலிக்கு வாரத்தில் ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டோகிராபர். காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே பந்தல் போட்டாலும் கழுத்தில் கேமராவோடு வந்து நிற்பான். அந்தக் கேமரா யாரோ ஒரு ஜெர்மன்காரன் போதுமடா சாமி என்று தலைமுழுகியது. ஷட்டர் மனசு வைத்தால் திறக்கும். மனசு வைக்காதபோது பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டவேண்டும். வேம்புலி தட்டுகிற லாவகத்தைப் பார்த்தவர்கள், போட்டோ பிடிப்பதில் அதுவும் ஒரு வித்தை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவன் குடும்பத்துக்கு வேட்டு வைத்தது ஷட்டர் இல்லை, அந்தக் கேமராவோடு வந்த லென்ஸ். அதில் ஒரு ஆளைப் பிடித்தால் சிலை மாதிரி விழுவார். ஒரு குடும்பத்தைப் பிடிக்கவேண்டுமென்றால் தெருக்கோடி வரை பின்னால் போகவேண்டும். நசரத்பேட்டையில் மச்சான் வீராசாமியின் கிரகப்பிரவேசத்தில் பின்னால் போக வழியில்லை, எதிர்வீட்டுச் சுவர் முதுகில் இடித்தது. "எல்லாரும் நெருங்கி நில்லுங்க" என்று கத்திவிட்டு அழுத்தினான். படம் வந்தது. வந்தவர் போனவர் எல்லாரும் விழுந்திருந்தார்கள். ஓரத்தில் நின்ற வீட்டுக்காரன் வீராசாமியில் மட்டும் ஒரு கையும் அதில் ஒரு காபி டம்ளரும்தான் மிச்சம்.

"என் ஊடு, என் செலவு, என் கை மட்டும் வந்துகீது!" என்று குதித்தான் வீராசாமி.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். அந்தப் புத்தி இருந்தால் வேம்புலி ஏன் வேம்புலியாக இருக்கிறான்?

"கையாவது வந்துச்சே மச்சான்" என்றான்.

அன்றோடு நாகவல்லிக்குத் தாய்வீடு போச்சு. நாகவல்லி வேம்புலியின் மனைவி, வீராசாமிக்கு ஒரே தங்கை. பொங்கலுக்குச் சீர் வரவில்லை, ஆடிக்கு அழைப்பு வரவில்லை. அவள் அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லலாம். அழாமல், தினமும் ரசம் மட்டும் வைத்தாள். வேம்புலிக்கு அது போதுமான தண்டனை என்று சொல்லமாட்டேன்.

எண்பத்தெட்டில் வீராசாமியின் மகள் பெரியமனுஷி ஆனாள். மஞ்சள் நீராட்டுக்கு அத்தை இல்லாமல் எப்படி? வீராசாமி தானே அண்ணனூருக்கு வந்தான். பெங்களூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன் அவன். காற்றுக்குப் பறந்துவிடுகிற ஒல்லி. உடம்பு பெருத்துத் தெரியவேண்டும் என்பதற்காகச் சித்திரை வெயிலிலும் சட்டைக்குமேல் சட்டை போடுகிறவன். வாசற்படி ஏறாமல் நின்றபடியே சொன்னான்.

"நாகு வரட்டும். போட்டோ நீயே புடி மாப்ளே. பத்து பேரு முன்னாடி என்ன அசிங்கப்படுத்தினல்ல, பத்து பேரு முன்னாடியே சரி பண்ணு. இந்த தபா என் ஜனத்துல ஒருத்தரு கொறஞ்சாலும், என் தங்கச்சி அங்க வர்றது அதான் கடைசி."

வேம்புலி சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு நாகவல்லியோடு பூந்தமல்லிக்குப் போனான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷவுகத் அலி பாய் ரேடியோ, கடிகாரம், கேமரா எல்லாம் ரிப்பேர் செய்வார், பழசும் விற்பார். அவர் கண்ணாடி மேஜைமேல் இரண்டு சாமான் வைத்தார். ஒன்று ஜப்பான் கேமரா. வெறும் உடம்பு மட்டும். வேம்புலியின் பழைய லென்ஸ் அதில் பொருந்தும், உள்ளே வெளிச்சம் காட்டுகிற முள் ஆடும், தட்டவே வேண்டாம். இன்னொன்று குட்டையாக, அகலமாகப் பார்க்கிற லென்ஸ். அது வேம்புலியின் பழைய கேமராவுக்கே மாட்டும். இருக்கிற பணத்துக்கு ஏதாவது ஒன்றுதான்.

வேம்புலிக்கு ஜப்பான் கேமராமேல் காதல் வந்துவிட்டது. "எது பாய் நல்லது?" என்றான்.

"நீ எத எடுக்காம போறியோ அதான் நல்லது. அத நான் வேற ஆளுக்கு விப்பேன்" என்றார் பாய்.

நாகவல்லி லென்ஸை வாங்கி, பாய் சொன்னபடி கேமராவில் மாட்டிப் பார்த்தாள். பாய் தெரிந்தார், கடை தெரிந்தது, எதிர்க்கடை பிரியாணி அண்டா தெரிந்தது, வேம்புலியின் தொப்பையும் தெரிந்தது.

"யோவ், இதுல என் ஜனம் பூரா குந்துவாங்க. மிச்ச எடத்துல பந்தியே போடலாம்."

"பொட்டி நின்னு போச்சினா லென்ஸ வெச்சிகினு இன்னா பண்றது?"

"தட்டு. அதான் தெரியுமே உனுக்கு" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்தான். அந்த வாரம் முழுக்க ரயிலில் அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பட்டரவாக்கத்தில் ஏறும்போது கேமரா என்று முடிவு செய்வான். அம்பத்தூரில் லென்ஸ், திருமுல்லைவாயிலில் மறுபடி கேமரா. அண்ணனூரில் இறங்கி ரசத்தைப் பார்த்ததும் லென்ஸ். கடைசியில் ரசம் ஜெயித்தது.

மஞ்சள் நீராட்டு அன்று சடங்கெல்லாம் ஒழுங்காகப் பிடித்தான். சாப்பாட்டுக்கு முன்னால் குரூப் போட்டோ. அதே குறுகிய தெரு, முதுகில் அதே எதிர்வீட்டுச் சுவர். வீராசாமி வேண்டுமென்றே இந்த ஓரத்தில் நின்றான். "போன தபா நின்ன எடம், இப்பவும் அங்கதான் நிப்பேன்." அவன் மனைவி முனியம்மா நல்ல கனத்த உடம்புக்காரி, அந்த ஓரத்தில் நின்றாள். வேம்புலி கண்ணை வைத்தான். இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். அழுத்தினான், ஷட்டர் அசையவில்லை. தட்டினான். திறந்து மூடியது. இன்னொன்று எடுக்கலாமென்று அழுத்தினால் உள்ளே ஏதோ உதிர்கிற சத்தம். அவ்வளவுதான், கேமரா காலமாகிவிட்டது.

வெளியே சொன்னால் உதை விழும். எனவே பந்தியில் வெறும் ஃப்ளாஷை மட்டும் அடித்துக்கொண்டே போனான். ஒரு இலையை விடவில்லை. ஜனங்களும் வாயில் அப்பளத்தோடு செத்த கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாளே "ஃபிலிம் தீந்துபோச்சி மச்சான்" என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பந்திக் கணக்கை முடித்துவிட்டான்.

குரூப் படம் வந்தது. ஒருத்தர்கூடக் குறையவில்லை. ஆனால் நடுவில் நின்றவர்கள் அவரவர் அளவில் இருக்க, ஓரத்தில் நின்றவர்கள் பக்கவாட்டில் ஊதிக் கிடந்தார்கள். வீராசாமியின் கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது. முனியம்மா ஆளே இரட்டைக் கதவாகத் தெரிந்தாள். வேம்புலி படத்தோடு பாயிடம் ஓடினான்.

"அகல லென்ஸு ஓரத்துல நிக்கறவங்கள கொஞ்சம் இழுக்கும்" என்றார் பாய்.

"சொல்லவேயில்லையே பாய்?"

"சொன்னா வாங்கியிருப்பியா?"

வேம்புலியும் நாகவல்லியும் நசரத்பேட்டைக்குப் போனார்கள்.

வீராசாமி படத்தை வாங்கினான். விரல் வைத்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, ஓரத்துக்கு வந்ததும் நின்றான். எழுந்துபோய்ச் சுவரில் இருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"மாப்ளே, இது நானா?"

"நீதான் மச்சான்."

"சேர்மன் மாறி கீறேனேடா! பெருசா ஒண்ணு போட்டுகினு வா, கடையில மாட்டணும்."

நாகவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு நிலைக்கவில்லை. முனியம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தாள்.

"இன்னாயா இது? எருமையா நானு?"

வீராசாமி சந்தோஷத்தில் புத்தி கெட்டு, "எப்பவும் கீற மாறிதான் கீற" என்றான்.

"அப்டியா? இன்னிக்கி அடுப்பு எரியாது. போட்டோ புடிச்சவரு, அவரு பொண்டாட்டி, யாரும் இனிமே இந்தப் படி ஏறக் கூடாது."

அண்ணன் வா என்று சொல்லி என்ன பிரயோஜனம்? இலை போடுவது அண்ணி. வேம்புலி லென்ஸைப் பற்றி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். நாகவல்லி அவன் காலை மிதித்தாள்.

"உன்ன ஏன் அண்ணி பாக்கற? அண்ணன பாரு. அல்லாத்தையும் பொண்டாட்டியே துன்னுட்டு புருசன பட்டினி போடறாள்னு இந்த ஊரு சொல்லிச்சா இல்லையா? இந்த போட்டோவ பாத்துட்டு எவளாவது சொல்லட்டும், பாக்கலாம். நீ எப்டி ஆக்கிப் போட்டுகினு கீறேன்னு அண்ணன் கன்னத்துல தெரியுது."

முனியம்மா படத்தைப் பிடுங்கினாள். தன் உருவத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு புருஷனை மட்டும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்கம்மா ஊட்லயும் அதே பேச்சுதான்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேச்சு அவளை அறுத்துக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது, வீராசாமிக்கும் சேர்த்து. அவன் படத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முனியம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். "அண்ணாத்தே, எனுக்கும் ஒண்ணு போட்டுக் குடு. மாங்காட்டுல எங்கம்மாவுக்கு அனுப்பணும்" என்று அங்கிருந்து குரல் வந்தது.

சோறு வெந்ததும் நாகவல்லி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

"காரம் ஜாஸ்தியா பூட்ச்சா?" என்று கேட்டாள் முனியம்மா.

இல்லையென்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னாள் நாகவல்லி.